சாவிரா தூக்கிப்போன கரி

கடோமாப் பக்கத்துத் தங்க ஆலைக்காரர்கள் பெரும்பாலும் இரும்புப் பெட்டியைத்தான் நம்புவார்கள். இரும்புப் பெட்டியைக் கண்டால் திருடனுக்குத் தேடுகிற சிரமம் மிச்சம் என்பது ஏனோ அவர்களுக்கு உறைப்பதேயில்லை. முச்சனேட்டா அப்படியில்லை, கெட்டிக்காரி. தன் தங்கத்தைக் கரி மூட்டையில் கட்டி, அடுப்புக்கரி மூட்டைகளுக்கு நடுவே, வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கும்படி கொட்டகையில் சாத்தி வைத்தாள். எவனுக்கும் சந்தேகம் வராது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் சனிக்கிழமை காலையில் அவளைக் கொட்டகை முழுக்கத் தேட வைத்தது.

"ஃபிரி! சிவப்புக் கயிறு கட்டின மூட்டை எங்க?"

ஃபிரி ஆலையை ஓட்டுகிறவன். இரும்பு உலக்கைகள் நாள் முழுக்கக் கல்லை இடிக்கும் சத்தத்தில் அவன் காது பாதி போய்விட்டது. அவள் எந்திரத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டி மறுபடியும் கேட்டாள்.

"அதுவா? ஜைரோஸ் ஐயா வந்து தூக்கிட்டுப் போயிட்டாரும்மா. மகளுக்கு இன்னிக்குப் பரிசம் போட வர்றாங்கல்ல, இறைச்சி சுடக் கரி வேணுமாம். ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தாரு. 'இதுதான் நல்ல கனம், உங்க முதலாளியம்மா ஒசத்தியான கரியத் தனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கா'ன்னு சொல்லிட்டு வண்டியில போட்டுட்டாரு."

"நீ பாத்துக்கிட்டா இருந்தே?"

"சாவிராவை யாரும்மா தடுப்பாங்க?" என்றான் ஃபிரி. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஜைரோஸ் அவள் கணவன் டோபியாஸின் சாவிரா. இரண்டு குலங்களுக்கும் தாத்தன் காலத்திலிருந்து வருகிற பந்தம் அது. சாவிரா எதையும் சொல்லலாம், எதையும் எடுக்கலாம். வீட்டுக்குள் நுழைந்து பானையைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, உப்புப் போதவில்லை என்று திட்டிவிட்டுப் போகலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தண்டம் கட்ட வேண்டியது கோபப்பட்டவர்தான். டோபியாஸ் செத்த அன்று ஜைரோஸ் அவனுடைய எண்ணெய்க் கறை படிந்த முழு அங்கியை மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே இருமிக்கொண்டு, "என் திருகு சாவிய எவன்டா எடுத்தது?" என்று பிணத்தைச் சுற்றி வந்தான். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்த முச்சனேட்டா அன்று முதன்முதலாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த நாளைத் தாண்டியிருக்க மாட்டாள் என்று இப்போதும் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவனிடம்கூட, மூட்டையில் இருப்பது என்னவென்று அவள் சொல்லி வைக்கவில்லை. ஃபிரியிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தாள்.

அந்தக் கரி பார்க்கத்தான் கரி. தென்னையே வளராத இந்த ஊருக்குக் கடல் தாண்டி வரும் தேங்காய் ஓட்டுக் கரி. பொடிப்பொடியாக, மிளகு அளவுக்கு இருக்கும். அரைத்த மணலைச் சிமென்டுத் தொட்டியில் நிரப்பிச் சயனைடு கலந்த நீரை ஊற்றினால், மணலில் மிச்சமிருக்கும் தங்கம் நீரில் கரைந்து வரும். அந்த நீரைக் கரி நிரப்பிய குழாய் வழியே திரும்பத் திரும்ப ஓட்டினால், தங்கம் கரியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நகரத்து ஆலையில் கொடுத்துப் பிரித்தெடுத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

மணல் அவளுடைய மணல். கல் கொண்டுவந்து அரைத்துக்கொள்கிறவன் தங்கத்தை எடுத்துக்கொண்டு போவான். அரைத்த மணல் ஆலைக்காரனுக்கு. இந்தப் பக்கத்தில் எல்லா ஆலையிலும் அதுதான் வழக்கம். டோபியாஸ் அந்த மணலில் ஒரு கூடைகூட வெளியே விடாமல் வருஷக்கணக்காகக் குவித்து வைத்தான். ஆலைக்குப் பின்னால் அது ஒரு குன்றாகவே எழுந்து நின்றது. "இதுக்குள்ள நம்ம முதுமை இருக்கு," என்பான். முதுமை வருமுன் அவன் போய்விட்டான்.

அவன் தம்பி தருவிங்காவுக்கு அந்தக் குன்றின்மேல் நம்பிக்கை கிடையாது. கெட்டவன் அல்ல, ஹராரேயில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவன். குடும்பக் கூட்டத்தில் அவன் சொன்னான்: "அண்ணி, அது செத்த மண்ணு. லாரிக்காரங்க வாரிட்டுப் போறேங்கறாங்க, குடுத்துட்டு நிம்மதியா இருங்க." அவள் ஒப்பவில்லை. கடைசியில் பெரியவர்கள் நடுவில் வைத்து ஒன்று முடிவானது. அவள் ஒரே ஒரு தொட்டி மணலை எடுத்துப் பார்க்கலாம். அந்தக் கரியைத் திங்கட்கிழமை தருவிங்காவே உடன் வந்து நகரத்து ஆலையில் கொடுப்பான். தங்கம் வந்தால் குன்று அவளுக்கு. வராவிட்டால் லாரிகள் வரும்.

அந்தத் தொட்டிக் கரிதான் சிவப்புக் கயிறு கட்டின மூட்டை. இப்போது ஜைரோஸ் அதன்மேல் மாட்டிறைச்சி சுடப் போகிறான்.

"ஃபிரி, வண்டிய எடு!"

"ஒரு மூட்டைக் கரிக்கா?"

"அது கரி இல்லடா! தொட்டியில இருந்து எடுத்தது!"

ஃபிரிக்குக் காது மந்தமானாலும் புத்தி மந்தமில்லை. அவன் முகம் வெளிறிப் போனது. "ஐயோம்மா... சயனைடு பட்டதாச்சே. அதுலயா இறைச்சி?"

அதுவரை அவள் குன்றை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன பிறகுதான் மற்றது தலையில் இறங்கியது. கரியை நல்ல தண்ணீரில் கழுவித்தான் கட்டியிருந்தாள். ஆனாலும் நஞ்சில் நாள்கணக்காக ஊறியது. அதில் நெருப்பு வைத்து, அந்தப் புகையில் வெந்த இறைச்சியை ஜைரோஸின் மகள் சேகாயும் அவள் அம்மாவும் சம்பந்தி வீட்டாரும் சாப்பிட்டால்?

தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பரிச வீட்டில் மத்தளமும் பாட்டும் நடக்கும்போது எவன் காதில் விழும்?

மழைக்காலம். பாதை முழுக்கச் சேறு. வண்டி ஆற்றுத் துறையில் இறங்கியபோது தண்ணீர் கதவு வரைக்கும் வந்தது. வண்டியில் ஏறும்போது பாதி மனசு குன்றில் இருந்தது. ஆறு தாண்டும்போது குன்று எங்கோ போய்விட்டது. மூட்டை எரிந்து சாம்பலாகட்டும், லாரிக்காரன் வந்து கடைசி மணல்வரை வாரிக்கொண்டு போகட்டும், யாரும் அந்த இறைச்சியில் வாய் வைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். மனசாரத்தான் வேண்டினாள். சேகாயைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள்.

"வேகமாப் போடா!"

"இதுக்கு மேல போனா நாம முதல்ல போய்ச் சேந்துருவோம்மா," என்றான் ஃபிரி. ஆனாலும் மிதித்தான்.

ஜைரோஸ் வீடு தூரத்திலேயே தெரிந்தது. முற்றத்து ஓரத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. இறைச்சி வாசனை சாலைவரை வந்தது. முச்சனேட்டா வண்டி நிற்குமுன் குதித்து, சேற்றில் ஒரு கால் புதைந்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். பெண் வீட்டுக் கிழவிகள் அவர்களை உள்ளே விடாமல் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்போடு ஓடி வருகிறவளைப் பார்த்து எல்லாரும் வழி விட்டார்கள்.

ஜைரோஸ் இறைச்சிக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றிருந்தான்.

"வந்துட்டாடா கரிக்காரி! ஒரு மூட்டைக்காக ஒத்தச் செருப்போட ஓடி வர்ற கஞ்சப் பிசினாறிய எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"யோவ் சாவிரா, அந்தக் கரியிலயா சுடுறே?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எந்தக் கரி?"

"நீ தூக்கிட்டு வந்தியே, அது!"

"அதக் கரின்னு வேற சொல்லிக்கிறியா நீ? வெட்கமா இல்ல?" ஜைரோஸ் கம்பியால் அடுப்பைக் காட்டினான். அடுப்பில் முசாசா விறகு நன்றாகக் கனிந்து எரிந்துகொண்டிருந்தது. "பிரிச்சுப் பாத்தா பொடி. அதுவும் ஈரம் சொட்டச் சொட்ட. என் பொண்டாட்டி பாத்துட்டு, அடுப்புக்குப் பக்கத்துலயே கொண்டு வரக் கூடாதுன்னுட்டா. புருஷன் போனதுக்கப்புறம் உன்னை எவனோ நல்லா ஏமாத்திக் கரி விக்கிறான். டோபியாஸ் இருந்திருந்தா அந்த வியாபாரியக் கட்டி வச்சு அடிச்சிருப்பான்."

முச்சனேட்டா அடுப்பை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். இறைச்சி வெட்டும் பலகையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அடுப்பில் வெறும் விறகு. சேகாயின் அம்மா தூரத்தில் மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள், நன்றாக, உயிரோடு, யாரையோ திட்டிக்கொண்டு. அந்தத் திட்டைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஏ, என்ன ஆச்சு? அழறியா சிரிக்கிறியா? ஒண்ணு முடிவு பண்ணு," என்றான் ஜைரோஸ்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போதுதான் குன்று மெதுவாக மனசுக்குத் திரும்பி வந்தது. "அந்தப் பொடிய என்ன பண்ணினே?"

"வாசல்ல ஒரே சேறு. மாப்பிள்ளை வீட்டு வண்டி சிக்கிக்கிச்சு. கோட்டுப் போட்ட பயலுகள்லாம் வழுக்கி விழுந்தா நாளைக்கு என் மகளைத்தானே பேசுவாங்க? கொட்டிப் பரப்பிட்டேன். பாரு, எப்படி கெட்டியா நிக்குது!"

முச்சனேட்டா திரும்பிப் பார்த்தாள். வேலிக் கதவிலிருந்து வாசல்வரை கறுப்பாக ஒரு பாதை போட்டிருந்தது. அதன்மேல்தான் அவளே ஓடி வந்திருந்தாள். அவளுடைய வெறுங்காலில் விரலிடுக்கெல்லாம் கறுப்புப் பொடி. பாதையில் மாப்பிள்ளை வீட்டார் பளபளக்கும் சப்பாத்துகளோடு கால் மாற்றி மாற்றி நின்றார்கள். அவர்கள் நடுவே, ஹராரேயிலிருந்து முன்னதாகவே வந்து சேர்ந்திருந்த தருவிங்கா, யாரோடோ பேசிச் சிரித்தபடி, அண்ணனுடைய அத்தனை வருஷ உழைப்பைக் குதிகாலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியாது. சாவிரா எடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கமே கிடையாது. அதைவிட, தங்கம் என்று அந்த வாசலில் ஒரு வார்த்தை விட்டால் போதும். கூட்டத்தில் பாதிப்பேர் சுரங்கத்துக்காரர்கள். பாதை இருந்த சுவடே மிஞ்சாது. கோட்டுப் பைகளில் போய்விடும்.

அவள் எழுந்தாள். கோபப்படத்தான் கூடாதே தவிர, கேலிக்கு எதிர்க்கேலி செய்யலாம். சாவிரா உறவு இரண்டு பக்கமும் செல்லும்.

வாசலுக்குப் போய் நடுவில் நின்று கையைத் தட்டினாள். "எல்லாரும் கேளுங்க! இந்த வீட்டுக்காரன் ஒரு திருடன்! காலையில என் கொட்டகையில புகுந்து கரி திருடினான். திருடின கரிய சம்பந்தி வீட்டாருக்குப் பாதையாப் போட்டிருக்கான். மாப்பிள்ளை வீட்டாரே, நீங்க நிக்கிறது திருட்டுச் சொத்து மேல!"

ஓவென்று சிரிப்பு எழும்பியது. கிழவிகள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள்.

"திருட்டுச் சொத்து மேல நின்னவங்களும் குற்றவாளிதான்! அதனால தண்டம்: மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க இந்தப் பாதைய அடியோட சுரண்டி, சேத்தோட சேத்து என் வண்டியில ஏத்தணும். ஒரு பொடி விடக் கூடாது. அப்புறம் ஒருத்தர் விடாம சப்பாத்தைத் தொட்டித் தண்ணியில கழுவிட்டுத்தான் பெண்ணு முகத்தைப் பாக்கணும்!"

சொல்லும்போது குரல் கேலியாகத்தான் இருந்தது. கைதான் நடுங்கியது. முந்தானைத் துணிக்குள் கையை மறைத்துக்கொண்டாள்.

ஜைரோஸ் அதைப் பார்த்துவிட்டான். அவளை அத்தனை வருஷமாகத் தெரிந்தவன். ஒரு மூட்டை அடுப்புக்கரிக்காக நடுங்குகிற கை அல்ல அது என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு இறைச்சிக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"கேட்டீங்கல்ல? நான் திருடன்தான், ஒத்துக்கறேன்! ஆனா இந்தக் கரிக்காரி சொன்னா சொன்னதுதான், விடமாட்டா. டேய் வெலிங்டன், மாப்பிள்ளை! கோட்டைக் கழட்டு! என் மகள் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மாமா," என்றான் மாப்பிள்ளை, பாவம், கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே.

"அப்ப மண்வெட்டிய எடு!"

மாப்பிள்ளை வீட்டார் மறுக்க முடியாது. பெண் எடுக்கிற வீட்டில் மாடு அறுப்பதும் குழி வெட்டுவதும் அவர்கள் வேலைதான். பாதை சுரண்டச் சொன்னால் அதுவும்தான். தூது பேச வந்திருந்த பெரியவர் மட்டும், இப்படியொரு தண்டம் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்று முனகினார். "கேக்காததை எல்லாம் கேக்கத்தான் பெரியவரே இங்க வந்திருக்கீங்க," என்று கிழவிகள் அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

கோட்டுப் போட்டவர்கள் குனிந்து சேறு சுரண்டினார்கள். மத்தளக்காரர்கள் அதற்குத் தகுந்த தாளம் போட்டார்கள். சேகாய் ஜன்னல் வழியே பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபிரி வண்டியைக் கதவோரம் கொண்டுவந்து நிறுத்தி, தார்ப்பாயை விரித்து, ஒவ்வொரு கூடையையும் குழந்தையை வாங்குவதுபோல வாங்கி வைத்தான். கழுவுகிற தொட்டிக்கு அருகில் ஜைரோஸே உட்கார்ந்துகொண்டான். "காலை நீட்டு! அடியில பாரு, இன்னும் இருக்கு! எங்க வீட்டுக் கரியக் கடத்திட்டுப் போகப் பாக்கறியா?" என்று ஒவ்வொரு சப்பாத்தின் அடியையும் கட்டைவிரலால் வழித்துத் தொட்டிக்குள் விட்டான். அவனுக்கு இன்னும் என்னவென்று தெரியாது. ஆனாலும் ஒரு பொடி விடவில்லை.

தருவிங்காவின் முறை வந்தது. அவன் சப்பாத்தைக் கழற்றி முச்சனேட்டாவிடம் நீட்டினான். "அண்ணி, விளையாட்டு போதும். உங்க முகமே சரியில்ல. என்ன இது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணன்தான் உன் குதிகால்ல ஒட்டியிருக்காரு தம்பி."

அவன் சப்பாத்தைப் பார்த்தான். கறுப்புப் பொடியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். திங்கட்கிழமை எந்த மூட்டையை நகரத்துக்குக் கொண்டுபோக வந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகவில்லை. இந்த இடத்தில் அவன் சும்மா இருந்திருக்கலாம். கரி சேற்றோடு போனால் குன்று அவன் சொன்னபடி லாரிக்குத்தான். அவன் காலுறையையும் கழற்றினான். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான்.

"நீ சரியா சுரண்டல. மேலாப்புல வழிக்காதே. உள்ள இறங்கியிருக்கும், ஒரு விரக்கடை ஆழமா வெட்டு," என்றான்.

அவள் அந்தக் கணத்திலேயே அவனை மன்னித்துவிட்டாள், மன்னிக்க எதுவும் இல்லாவிட்டாலும்.

பாதை கழுவித் துடைத்த மாதிரி ஆனபிறகு சம்பந்தம் பேசி முடித்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். முச்சனேட்டா யாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சட்ஸாக் களிப் பக்கம் விடவில்லை. "இன்னிக்கு இவளுக்கு என்னமோ சுத்தப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் ஆலைக் குளத்தங்கரையில் நாலு பேர் கூடினார்கள்: அவள், ஃபிரி, தருவிங்கா, ஜைரோஸ். வண்டி நிறையச் சேறு. முந்தின நாள் சாயங்காலமே அவள் ஜைரோஸை அடுப்படிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்டாட்டி மட்டும் தடுக்கலன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றான். அவன் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அவள் பார்த்ததேயில்லை.

சேற்றைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். சேறு ஓடிப்போயிற்று. கரியும் அதே அளவுக் கூழாங்கற்களும் மேலே நின்றன. இனி தட்டில் போட்டு அலசிப் பிரிக்க வேண்டியதுதான். அதற்கு ஃபிரியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவன் தட்டைத் தண்ணீரில் முக்கி, ஒரு சுழற்று சுழற்றி, ஒரு சாய்ப்பு சாய்த்தான். கறுப்பெல்லாம் விளிம்பு தாண்டி அழகாக வழிந்து போயிற்று. தட்டில் கூழாங்கல் மட்டும் நின்றது.

"அடப்பாவி! என்ன பண்றே?" முச்சனேட்டா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஃபிரி விழித்தான். பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. பிறந்ததிலிருந்து அவன் கை படித்த பாடம் ஒன்றே ஒன்று: லேசானதைப் போகவிடு, கனமானதைப் பிடி. தங்கம்தானே கனம். இன்றைக்குத் தங்கம் லேசான கரிக்குள் உட்கார்ந்திருந்தது. அவன் கை அவனைக் கேட்காமலே அதை வழியனுப்பி வைத்துவிட்டது. நல்லவேளை, அடியில் பெரிய தொட்டி வைத்திருந்தாள். போனதெல்லாம் தொட்டியில் மிதந்தும் அமிழ்ந்தும் கிடந்தது.

"தலைகீழா பண்ணணும்டா. வழியறதுதான் நமக்கு. நிக்கிறதத் தூக்கிப் போடு."

"அம்மா, என் கை கேக்க மாட்டேங்குது," என்றான் ஃபிரி பரிதாபமாக. அவன் தட்டை எடுப்பதும், கறுப்பு வழியும்போது கை தானாக வேகமெடுப்பதும், வழிந்து முடிந்ததும் கூழாங்கல்லைப் பத்திரமாக எடுத்து வைக்கப் போவதும், ஜைரோஸ் அதைத் தட்டிவிடுவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று.

"இவ்வளவு வருஷம் தங்கத்த அரிச்சவன் இப்ப கூழாங்கல்லப் பூட்டி வைக்கப் பாக்கறான். இவன நம்பி நீ ஆலை நடத்தறே!" என்றான் ஜைரோஸ்.

"அடுத்தவன் தூக்கிப் போட்டதக் கழுவிப் பிழைக்கிற ஆலைதானே இது," என்றாள் முச்சனேட்டா. "நீ தூக்கிப் போட்டதையும் சேத்துக் கழுவறோம், அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். தருவிங்கா சல்லடையைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தான். வெயில் ஏறும்போது கரி மூட்டையில் திரும்ப நிறைந்தது. நிறைந்தது என்று சொல்ல முடியாது. கயிறு கட்டும் இடத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. அந்தச் சாணளவு சேற்றிலும் சப்பாத்திலும் எங்கெங்கோ போயிருக்கும். அவள் கயிற்றை ஒரு சாண் இறக்கிக் கட்டினாள்.

திங்கட்கிழமை நகரத்து ஆலையில் கொடுத்தார்கள். வியாழக்கிழமை அவளும் தருவிங்காவும் போனார்கள். உருக்குகிறவன் குறட்டால் எடுத்து மேசையில் வைத்தான். கோலிக்குண்டு அளவு இருந்தது. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். தருவிங்கா அதைக் கையில் வாங்கிக் கனத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

"ஒரே ஒரு தொட்டிக்கா இது?"

"ஒரே தொட்டிக்குத்தான். அதுலயும் ஒரு சாண் உன் சாவிரா வீட்டு வாசல்ல."

அவன் வெளியே போய் லாரிக்காரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டான். கண்ணாடி வழியே பார்த்தபடி அவள் நின்றாள். சொன்னது என்னவென்று கேட்கவில்லை. ஆனால் அவன் இடது கையைத் துடைப்பம்போல வீசியதைப் பார்த்தாள். உள்ளே வந்து, "வேற மண்ணப் பாக்கச் சொல்லிட்டேன் அண்ணி," என்றான். உருக்குகிறவன் முன்னாலேயே வாய்விட்டு, "டோபியாஸ், குன்று நமக்குத்தான்," என்றாள். உருக்குகிறவன் யார் டோபியாஸ் என்று சுற்றும்முற்றும் பார்த்தான்.

கொஞ்ச நாள் கழித்து, உலக்கைகள் இடித்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், ஜைரோஸ் வந்தான். கொட்டகைக்குள் நேராக நுழையாமல் வாசலில் நின்று கையைக் குவித்து மெல்லத் தட்டினான். அன்னியர் வீட்டு வாசலில் தட்டுகிற மாதிரி.

"கொஞ்சம் கரி வேணும்," என்றான். "எடுத்துக்கலாமா?"

முச்சனேட்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் குடும்பங்களில் மூன்று தலைமுறையில் ஒரு சாவிரா மற்றவரிடம் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அவளுடைய கெட்டிக்காரத்தனம் இவனைக் கேட்க வைத்துவிட்டது. மூட்டை தொலைந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"கேக்கிறியா? நீ யாரு கேக்கறதுக்கு? பிச்சைக்காரனா?" என்று சீறினாள். கோபப்பட்டதற்கு அவள்தான் தண்டம் கட்ட வேண்டும், கட்டிவிட்டுப் போகிறாள். "உள்ள வா, இப்படி!"

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தினாள். "சிவப்புக் கயிறு கட்டினது எல்லாம் தொட்டிக் கரி. மத்தது அடுப்புக்கரி. இப்ப உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஃபிரிக்கும் தெரியும். இனி வந்தா கேக்காம எடு. கேட்டேன்னா அடிப்பேன்."

ஜைரோஸ் சிவப்புக் கயிற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகத்தில் அந்தப் பழைய திருட்டுச் சிரிப்பு மெதுவாக ஏறியது.

"அடச்சே, இவ்வளவு லேசா திருட விட்டா அப்புறம் என்ன சாவிரா?" என்றபடி ஒரு மூட்டை அடுப்புக்கரியைத் தோளில் தூக்கினான். போகிற போக்கில், ஆணியில் மாட்டியிருந்த டோபியாஸின் பழைய தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஒரு தரம் இருமினான், டோபியாஸைப் போலவே. யாரையும் கேட்கவில்லை.